குளியலறையில் முடிந்த ஓடை

நிலவியல்காரி மூன்று வருடமாகத் தேடிய டான்டலம் படிவு அவளுடைய புருஷன்தான் என்று, மழைக்காலம் தொடங்கும் முன் தெரியவந்தது. அந்த வாரம் வெங்காயம் விலை இறங்கியிருந்தது.

அவள் முறைப்படிதான் தேடினாள். செல்போனுக்குள் போகும் அந்த அரிய உலோகத்தை மழை மலையிலிருந்து அரித்து ஓடையில் சேர்க்கும். ஓடை பிரியும் இடத்திலெல்லாம் இரண்டு கிளையிலும் வண்டலை அள்ளிச் சலித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, உலோகம் கூடுதலாக இருக்கும் கிளையைப் பிடித்து மேலே ஏற வேண்டும். மோதிரத்தின் உலோகம் கலந்து கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால், மோதிரம் போட்ட கையால் மண்ணைத் தொடக் கூடாது. மழைக்காலத்துக்குள் உலோகம் எங்கிருந்து வருகிறது என்று காட்டாவிட்டால் ஆய்வு முகாமை மூடி அவளைத் தூரத்து ஊருக்கு மாற்றிவிடுவார்கள். புருஷனுக்கு அங்கே வர இஷ்டமில்லை. அவனுக்கு எங்கே போகவும் இஷ்டமில்லை. தபால் நிலையத்தில் முத்திரை குத்துவான், வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் குளிப்பான், தூங்குவான்.

கிளை கிளையாக ஏறியவள் ஊருக்குள் நுழைந்து, தெருச் சாக்கடையைப் பிடித்து, தன் வீட்டுக் குளியலறைக் குழாயடியில் வந்து நின்றாள். குழாய்க்குக் கீழே உலோகம் கொட்டிக் கிடந்தது. மேலே துளிகூட இல்லை.

"மோதிரத்தோட குளிச்சீங்களா?"

"நீ வாங்கித் தந்தாதானே போடுறதுக்கு?"

அவனைச் சல்லடைமேல் நிற்கவைத்துத் தண்ணீர் ஊற்றினாள். கனமான கறுப்பு மணல் இறங்கியது. ஒப்பீட்டுக்கு மாமியாரின் காலையும் கழுவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"என் பையன் தங்கம்னு அன்னிக்கே சொன்னேன்" என்றாள் மாமியார்.

"தங்கம் இல்ல அத்தை, டான்டலம். கொஞ்சம் மட்டம்தான்."

முகாம் மேலாளர் வந்து அவனைச் சுற்றி நடந்து பார்த்தார். "அடுத்து துளை போடணும்மா" என்றார். புருஷன் அவள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். அத்தனை வருடம் அவனை உருப்படாதவன் என்று சொன்னவள் அவள்தான்.

"எந்த மலையில வேணா போடுங்க சார். இவர்மேல கை வைக்கக் கூடாது."

"அப்போ உன்னை மாத்திடுவாங்களே."

"தோண்டாத படிவுக்குப் பக்கத்திலேயே ஆள் இருக்கணும்னு உங்க விதிதானே சார்?"

மேலாளர் யோசித்தார். விதி இருந்தது. மாற்றல் உத்தரவு திரும்பிப் போனது.

முகாம் வரைபடத்தில் படிவுக்குச் சிவப்புக் குண்டூசி. காலையில் அதைத் தபால் நிலையத்தில் குத்துவாள், மாலையில் பிடுங்கி வீட்டில் குத்துவாள். ஞாயிற்றுக்கிழமை ஊசிக்கும் விடுமுறை.