சுலைமான் நபி தீர்ப்பும் எங்கள் வீட்டுக் கிடாவும்

என் வீட்டுக்காரர் நூர் அகமது ஜமாஅத் தலைவரானது பதினொரு ஓட்டு வித்தியாசத்தில். நடையைப் பார்த்தால் நாட்டையே பிடித்தவர்போல இருக்கும். "என் வீடானாலும் அடுத்த வீடானாலும் ஒரே நியாயம்" என்று மைக்கில் சொல்லித்தான் ஓட்டு வாங்கினார். அந்த ஒரு வாக்கைத் தவிர அவரிடம் வேறு சரக்கு கிடையாது என்பது கட்டிக்கொண்ட எனக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பயானில், நபியாகவும் அரசராகவும் இருந்த தாவூது, சுலைமான் இருவரின் கதையை ஹஜ்ரத் சொன்னார். ஒருவர் வயலை இன்னொருவர் ஆடுகள் மேய்ந்துவிட்டன. ஆடுகளையே வயல்காரருக்குக் கொடுத்துவிடச் சொன்னார் தாவூது நபி. மகன் சுலைமான் நபியோ, ஆட்டுக்காரர் வயலைப் பழையபடி ஆக்கித்தரட்டும், அதுவரை ஆட்டின் பயனை வயல்காரர் அனுபவிக்கட்டும் என்றார்.

தொழுதுவிட்டு இவர் வீட்டுக்குள் நுழையவும், தலத்தெரு சோமசேகரன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"பாய், நாத்தங்கால ஒரு ஆடு மேஞ்சிடுச்சுங்க. பாதி காலி."

இவருக்கு வந்ததே குஷி. ஆடு யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை. கூட வந்த நாலு பேர் காதிலும் விழும்படி தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "ஆட்டுக்காரன் நாத்தங்கால பழையபடி ஆக்கிக் குடுக்கணும். அவனே எறங்கிச் செய்யணும், கூலிக்கு ஆள் விடக் கூடாது. அதுவரைக்கும் ஆடு உங்ககிட்ட. பால நீங்க கறந்துக்குங்க."

சோமசேகரன் தலையைச் சொறிந்தார். "கிடா பால் கறக்காதுங்களே பாய். அது உங்க வீட்டுக் கிடாதாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இப்போது வழுக்கினால் இந்த மனிதரை ஊரில் நாய்கூட மதிக்காது.

உள்ளே வந்து கிசுகிசுத்தார். "தலைவருக்குன்னு எதாவது சலுகை இருக்குமா சல்மா?"

"சுலைமான் நபிக்கு அல்லாஹ் விளக்கத்தக் குடுத்தான். உங்களுக்கு மைக்க மட்டும்தான் குடுத்திருக்காங்க. கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போங்க."

போனார். இருபது வருஷம் துபாய்க் கடையில் ஏசியில் நின்ற கால், முழங்கால்வரை சேற்றில் புதைந்தது. விதை தெளிக்கச் சொன்னால், பிரியாணிக்கு மல்லித்தழை தூவுவதுபோலத் தூவினாராம். சோமசேகரன் வீட்டில் கட்டியிருந்த கிடாவோ, அவர் மனைவி தையல்நாயகியின் முல்லைக்கொடியை முடித்துவிட்டு, காயப்போட்ட சேலைக்குப் போயிருந்தது.

நாலாம் நாள் சோமசேகரன் என்னிடமே வந்துவிட்டார். "தங்கச்சி, கிடாவப் புடிச்சிக்கிட்டுப் போங்க. பாயையும் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. ரெண்டு பேரையும் வச்சு சமாளிக்க முடியலைங்க."

கிடாவை மட்டும்தான் அவிழ்த்து வர முடிந்தது. "நாத்து மொளைக்கட்டும், வர்றேன்" என்றுவிட்டார் இவர். வரப்பில் நின்று பார்த்தேன். முதுகெல்லாம் சேறு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவ்வளவு அழகாக அவரை நான் பார்த்ததில்லை.

அப்போது எங்கள் ஜமாஅத்து நசீம் வந்து பைக்கை நிறுத்தினான். "தலைவரே, பக்கத்து வீட்டு நுஸ்ரத் லாத்தா எங்க எடத்துல ஒரு அடி தள்ளிச் சுவரு கட்டிட்டாங்க. நீங்கதான் தீர்ப்புச் சொல்லணும்."

இவர் நிமிர்ந்தார். அந்தப் பழைய குஷி முகத்தில் எட்டிப் பார்த்தது. நான் கிடாவின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நுஸ்ரத்தையும் கூட்டிக்கிட்டு வா," என்றார். "மொதல்ல ரெண்டு வீட்டுச் சுவரையும் அளந்து பாப்போம்."

"ஒண்ணும் அவசரமில்ல தலைவரே," என்று நசீம் பைக்கைக் கிளப்பினான். நாற்று முளைத்து ஒரு சாண் வளர்ந்துவிட்டது. அவன் இன்னும் வரவில்லை.