டார்சி குடிக்கவில்லை

சர்ச் வாசலில் அத்தனை பேர் பார்க்க டார்சியின் கையிலிருந்து கார்ச் சாவியைப் பிடுங்கியவன் வெர்லின்தான்.

சனிக்கிழமை மதிய விருந்துக்கு டார்சி தனியாக வந்தான். வந்த கார் பாதையை விட்டு விலகிப் புல்தரையில் ஏறி, சர்ச்சின் பெயர்ப்பலகையைச் சாய்த்துவிட்டு நின்றது. கதவைத் திறந்து இறங்கியவனுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. காரைப் பிடித்துக்கொண்டே இரண்டடி நடந்து குனிந்து வாந்தி எடுத்தான். கேக் தட்டோடு படியில் நின்றிருந்த அவன் மனைவி லவோன் அசையவே இல்லை.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியாடா?" என்றான் வெர்லின்.

"ஒரு சொட்டு தொடல மச்சான். தலை சுத்துது, அவ்வளவுதான்."

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியும் இதே பாட்டைத்தான் பாடின."

"என் வாயை வேணா மோந்து பாரு."

"வோட்கா வாடை அடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? சாவியைக் குடு."

டார்சி கொடுக்கவில்லை. வெர்லின் அவன் விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற முப்பது நாற்பது பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

லவோன் வெர்லினின் ஒரே தங்கை. டார்சி குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் பட்ட பாடு ஹாமில்டன் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகத்தான் நிம்மதி. இப்போது ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை. ஒரு நாள் காரை ஓட்டிவிட்டு வந்தவன் வாசல்படியிலேயே உட்கார்ந்து தூங்கிப்போனான். இன்னொரு நாள் நாக்குக் குழறி, பேத்தியின் பெயரே வாயில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "நான் குடிக்கல" என்றான். குடிகாரன் வேறென்ன சொல்வான் என்று லவோன் அண்ணனிடம் அழுதாள்.

டார்சியின் கார் அறுபத்தெட்டாம் வருஷத்து செவெல், கரும்பச்சை. நாலு கியர், கையால் மாற்றுவது. ஜனவரியில் அதற்கு ஹெடர் மாட்டிக் கொடுத்தது வெர்லின்தான். எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோக கம்பெனிக்காரன் கனத்த வார்ப்பிரும்பில் ஒன்றை வைத்திருப்பான். வேகப் பித்துப் பிடித்தவர்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பக்கத்துக்கு நாலு மெல்லிய குழாயாக வளைந்து இறங்கும் ஹெடரை வாங்கி மாட்டிக்கொள்வார்கள். வாங்குவது சுலபம். மாட்டுவதற்குள் உயிர் போய்விடும். ஸ்டியரிங் தண்டு ஒரு பக்கம் இடிக்கும், ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு பக்கம் வேகும், பிளக் மாற்ற விரல் நுழையாது. ஊரிலுள்ள மெக்கானிக்குகள் ஹெடர் வைத்த காரைக் கண்டாலே கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கார்கள் எல்லாம் கடைசியில் வெர்லினின் கொட்டகைக்குத்தான் வரும். உருக்காலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. அவற்றைக் காட்டிப் பெருமை பேசுவதில் அவனுக்கு அலுப்பே கிடையாது.

டார்சியின் காரில் ஒரு குழாய் கிளட்ச் கம்பியில் இடித்தது. வெர்லின் அதைச் சூடாக்கிச் சுத்தியலால் நாலு போடு போட்டு உள்வாங்கச் செய்தான். கிளட்ச் கம்பி காருக்குள் நுழைகிற இடத்தில், ஓட்டுகிறவன் காலடியில், ஒரு ஓட்டை. அதை மூட ஒரு ரப்பர் உறை இருந்தது. ஹெடர் சூட்டில் அது எப்படியும் உருகி நாறும் என்று பிய்த்து எறிந்தான். எப்போதும் அப்படித்தான் செய்வான். பிப்ரவரியில் டார்சி வந்து, "டிக் டிக்குனு ஒரு சத்தம் வருதே" என்றபோது, "ஹெடர்னா அப்படித்தான் இருக்கும். காது வலிச்சா ரேடியோவைப் போடு" என்று சொல்லி அனுப்பினான்.

சாவியைப் பிடுங்கிய மறுநாள் லவோன் போன் செய்தாள். "அந்தக் காரை வித்துடு அண்ணே. அதுல ஏறினா எங்கேயோ போய்க் குடிச்சிட்டு வர்றாரு. அது என் கண்ணுல படவே கூடாது."

வில்மிங்டன் ஊரில் வாங்க ஒரு ஆள் கிடைத்தது. வியாழக்கிழமை காலை வெர்லினே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நல்ல மழை, குளிர் வேறு. ஜன்னல்களை இறுக ஏற்றிவிட்டான். உள்ளே லேசாகப் புகை வாடை அடித்தது. பழைய கார் எதில்தான் அடிக்கவில்லை?

அரை மணி நேரத்தில் தலை வலித்தது. காலையில் காபி குடிக்காததால் என்று நினைத்தான். வழியில் லெபனான் என்ற ஊரைத் தாண்டியதும் நெற்றிப்பொட்டில் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருந்தது. ஒரு சிவப்பு விளக்கில் நின்றான். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான், தான் நின்றுகொண்டிருப்பதே உறைத்தது. கடைசிப் பத்து மைல் எப்படி ஓட்டினான் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை.

வாங்க இருந்தவள் பெயர் கார்னெட். அறுபதை நெருங்கியவள். இழுவை லாரியும் வெல்டிங் பட்டறையும் வைத்திருந்தாள், வயசுக் காலத்தில் கார்ப் பந்தயத்தில் ஓட்டியவள். கார் வந்து அவள் வேலிக்கம்பியில் மோதி நிற்பதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள். வெர்லின் இறங்கினான். முழங்கால் மடங்கியது. சேற்றில் கையூன்றி, அவள் பூட்ஸுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தான்.

"காலங்காத்தால எத்தனை ரவுண்டு ஊத்தினீங்க பெரியவரே?" என்றாள் கார்னெட்.

"ஒரு சொட்டு தொடலம்மா. தலை சுத்துது, அவ்வளவு..."

சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றான். மழை பிடரியில் இறங்கியது. அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கார்னெட் பயந்துவிட்டாள்.

"என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?"

"நான் குடிக்கிறதே இல்ல," என்றான் வெர்லின். "பொறந்ததுலேருந்து குடிச்சதில்ல."

கார்னெட் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டிக் டிக் என்றது. அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். அவனைத் தாங்கலாகக் கொண்டுபோய்த் திறந்த கொட்டகையில் உட்காரவைத்துவிட்டு, காரைத் தூக்கி நிறுத்தும் மேடையில் ஏற்றினாள். பின் குழாயை ஈரத் துணியால் அடைத்துப் பிடித்தாள். முன்பக்கம் டிக் டிக் சத்தம் புஸ் என்று சீறலாக மாறியது. டார்ச்சை அடித்துக் கீழே நின்று பார்த்தாள்.

"இங்க பாருங்க. குழாய் பிளந்திருக்கு. புகை பூரா நேரா கிளட்ச் ஓட்டை வழியா உள்ள போகுது. அந்த விஷம் மூச்சுல ஏறினா குடிச்ச மாதிரிதான் தள்ளாடும். ஓட்டைக்கு மேல கரி அப்பியிருக்கு பாருங்க. எந்தக் கசாப்புக்கடைக்காரன் இந்தக் குழாயை இப்படி அடிச்சது?"

வெர்லின் எழுந்து வந்து நிமிர்ந்து பார்த்தான். சுத்தியல் பட்ட பள்ளத்தின் விளிம்பில், வெல்டிங்கை ஒட்டி, மயிரிழைபோல் ஒரு கறுப்புக் கோடு. அவன் கைவேலை. அதை அடையாளம் காண டார்ச் வேண்டியதில்லை.

"நான்தான்," என்றான்.

கார்னெட் டார்ச்சை அணைத்தாள். "அந்த ஓட்டைக்கு ரப்பர் உறை இருந்திருக்குமே?"

"நான்தான் பிச்சுப் போட்டேன். எப்பவும் அப்படித்தான்..."

"எப்பவும்னா? இன்னும் எத்தனை கார்ல?"

ஒவ்வொரு காராக வெர்லினின் கண்முன் வந்தது. சிவப்பு கமாரோ. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போகிற தபால்காரன் மகனின் நோவா. பல் டாக்டரின் மஸ்டாங்.

"பதினொண்ணு," என்றான்.

கார்னெட் அவனை லாரியில் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டாள். ரத்தம் எடுத்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மூடியை மாட்டினார்கள். சின்ன வயசு டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் கால் மணி நேரம் ஓட்டியிருந்தீங்கன்னா உங்க பெயரை வேற ஃபாரத்துல எழுதியிருப்போம்" என்றான். வெர்லின் மூடிக்குள்ளிருந்தே பதினொரு பெயர்களையும் சொன்னான். கார்னெட் ஒரு சீட்டின் முதுகில் எழுதிக்கொண்டு, வராந்தாவிலிருந்த போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். காரை எடுக்காதே, சாவியை மறைத்து வை, காரணம் அப்புறம். ஒன்பது பேர் கிடைத்தார்கள். மற்ற இரண்டு பேர் வீட்டில் மனைவிமார் போனை எடுத்தார்கள். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். பல் டாக்டரின் மனைவி மட்டும், "அதான் ஞாயித்துக்கிழமையெல்லாம் எனக்குத் தலை வெடிக்குதா?" என்று கத்தினாள்.

டார்சி வீட்டுக்கும் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கார்னெட்டின் லாரி டார்சி வீட்டு வாசலில் வந்து நின்றது. செவெல் அவள் பட்டறையிலேயே கிடந்தது. வெர்லினின் சட்டைப் பையில் ஆஸ்பத்திரிக் காகிதம். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான். காலில் விழச் சொன்னாலும் விழுவது என்று முடிவு. கதவு தாழிட்டிருக்கவில்லை.

டார்சி சமையலறை மேஜையில் இருந்தான். எதிரே வறுத்த பன்றிக்கறியும் சோளரொட்டியும் தொடாமல் ஆறிக் கிடந்தன. பக்கத்தில் ஒரு விஸ்கி பாட்டில். முக்கால்வாசி காலி.

வெர்லின் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வா மச்சான்," என்றான் டார்சி. சிரித்தான். "இப்ப மோந்து பாரு. இப்ப வாடை அடிக்கும்."

"டேய்... எப்பலேருந்து?"

"மத்தியானத்துலேருந்து. லவோன் பொட்டியைக் கட்டிக்கிட்டு மக வீட்டுக்குப் போயிட்டா. சர்ச்சுலேருந்து வந்து எனக்காக ஜெபம் பண்ணிட்டுப் போனாங்க. ஒன்பது வருஷம் நான் குடிக்காம இருந்தப்பகூட யாரும் இப்படி வந்து பண்ணல." கிளாஸை மேஜையில் உருட்டினான். "யோசிச்சுப் பார்த்தேன். குடிகாரன்னு பேரு வாங்கியாச்சு. குடிச்சா மட்டும் என்ன கெட்டுப்போயிடப் போகுது?"

வெர்லின் நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தான். காகிதத்தை எடுத்து நீட்டினான். மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாசகங்கள் ஒன்றும் வரவில்லை. குழாய், ஓட்டை, உறை, சுத்தியல் என்று துண்டு துண்டாகத்தான் வந்தது. "நீ குடிக்கலடா. நான்தான் உனக்கு விஷம் வெச்சேன்."

டார்சி காகிதத்தை வெகுநேரம் பார்த்தான். போதையில் எழுத்து அவனுக்குப் பிடிபட்டதோ என்னவோ. வாசலில் நின்ற கார்னெட்டைப் பார்த்தான்.

"யாரு இந்தம்மா?"

"நான் கண்ணால பார்த்தேன்," என்றாள் கார்னெட். "இவர் சொல்றது நிஜம்."

டார்சி காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தான். சிரிப்பு போய்விட்டது. முகம் சின்னப் பையன் முகம்போல் ஆனது.

"நேத்து வந்திருக்கக் கூடாதா வெர்லின்?" என்றான். "நேத்து வரைக்கும் குடிக்காம மூவாயிரத்து முந்நூறு நாள் ஆகியிருந்துச்சு."

கார்னெட் உள்ளே வந்து பாட்டிலை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். அது கொட்டி முடிகிறவரை மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

லவோனுக்கு வெர்லின் போனில் சொன்னான். "அவர் சத்தியம் பண்ணினாரு அண்ணே. பேத்தி மேல சத்தியம் பண்ணினாரு. நான் நம்பல," என்றாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு டார்சியை வெர்லின்தான் தன் வண்டியில் கூட்டிப்போனான். பின்வரிசையில் உட்கார்ந்தான். டார்சி எழுந்து, "என் பேரு டார்சி. குடியை விட்டு ஒரு நாள்," என்றான். ஒன்பது வருஷமாக அவனைத் தெரிந்தவர்கள் நிறைந்த அறை அது. யாரோ கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. வெர்லின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னான். எதையும் குறைக்கவில்லை. சாவி பிடுங்கியதைப் பார்த்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள், டார்சி மட்டும் வரவில்லை. சொல்லி முடித்தபோது பாதிரியாருக்கே என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு பாட்டைப் பாடச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் அந்தப் பதினொரு கார்களோடு போயிற்று. கார்னெட் வெல்டிங் செய்தாள், வெர்லின் கழற்றி மாட்டினான். எல்லாவற்றிலும் சூடு தாங்கும் உறை போட்டார்கள். இரண்டு கார்களில் குழாய் ஏற்கெனவே வெடிப்பு விட்டிருந்தது. அதில் ஒன்று தபால்காரன் மகனுடையது. அன்றைக்கு வெர்லின் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

செவெலை மட்டும் கார்னெட் தனியாகவே சரிசெய்தாள். அது டார்சியின் ஏற்பாடு. ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவனே அதை ஓட்டிக்கொண்டு, பக்கத்தில் லவோனை வைத்துக்கொண்டு, வெர்லின் கொட்டகைக்கு வந்தான். ஜன்னல்கள் நாலும் இறங்கியிருந்தன. எஞ்சின் சீராக உறுமியது. வெர்லினின் கை பழக்கத்தில் பானெட்டுக்குப் போனது.

"கையை எடு," என்றான் டார்சி.

வெர்லின் எடுத்துவிட்டான்.

"உன்னை மன்னிச்சாச்சு. அதைப் பத்தி இனிமே பேச வேணாம்," என்றான் டார்சி. "ஆனா என் காரை நீ தொடக் கூடாது. சாகிற வரைக்கும்."

"சரி மச்சான்," என்றான் வெர்லின்.

லவோன் மடியிலிருந்த பாத்திரத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள். "பீன்ஸ், அண்ணே. சூடா இருக்கு, துணியால பிடி."