திறந்த கை

"அத்தா, அந்த மாமாவுக்கு ஒடம்பு சரியில்லன்னா யாரு மாத்திரை குடுப்பாங்க?"

ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஜப்பாரிடம் இதைக் கேட்டபோது அவர் மகள் புஷ்ராவுக்கு ஆறு வயது. நிழற்குடையில் மூன்று வருடமாகப் படுத்துக் கிடந்து, தனக்குள்ளே பேசிக்கொண்டிருந்த சடைமுடிக்காரரைத்தான் அவள் காட்டினாள். ஜப்பார் டீயை ஆற்றிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தார்.

அடுத்த மாதம் மனநல மருத்துவக் குழு ஒன்று ஊருக்கு வந்தது. டாக்டர் சடைமுடிக்காரரைப் பார்த்தார். எங்கும் அடைத்து வைக்க வேண்டியதில்லை, தினமும் காலையில் சாப்பிட்டபின் ஒரு மாத்திரை போட்டால் இங்கேயே தேறிவிடுவார் என்றார் நர்ஸ் மஞ்சுளா. ஆனால் அவர் தினமும் டீ கொடுக்கும் ஜப்பாரைத் தவிர வேறு யாரிடமும் எதையும் வாங்கமாட்டார்.

மாத்திரை என்றதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லது செய்யும் அவசரத்தில் ஜப்பார் அதைப் பன்னுக்குள் ஒளித்துக் கொடுத்தார். பல்லில் பட்டதும் அவர் துப்பினார். ஜப்பாரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்து நடந்தார். நான்கு நாட்கள் கடைப்பக்கம் வரவில்லை.

விஷயத்தைக் கேட்ட மஞ்சுளா கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். "அவருக்குன்னு இருந்தது உங்க மேல நம்பிக்க ஒண்ணுதான் பாய்."

ஐந்தாம் நாள் ஜப்பார் கடையை அடைத்துவிட்டு, டீயும் பன்னும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"இன்னா பாய், மகாராஜாவுக்கு அரண்மனைக்கே டீ போவுதா?" என்றான் ஆட்டோக்காரன் பார்த்திபன்.

"தப்பு பண்ணவன்தான போவணும்."

காவலூர் சாலையில் ஒரு புளியமரத்தடியில் அவர் இருந்தார். ஜப்பார் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து மாத்திரையைக் காட்டினார்.

"ஒளிச்சு வச்சது தப்புங்க. மன்னிச்சிக்கோங்க. இது மாத்திரை. காதுல கேக்கற சத்தம் கொறையும்னு சொல்றாங்க. வாணாம்னா வாணாம். டீ எப்பவும் உண்டு."

அவர் டீயை மட்டும் குடித்தார். மறுநாள் நிழற்குடைக்குத் திரும்பினார். ஒன்பது காலைகள் ஜப்பார் கையை விரித்தார், மூடினார். பத்தாம் நாள் அவர் எடுத்துக்கொண்டார். இறைவன் அந்தத் திறந்த கையைப் பார்த்திருப்பான்.

சில மாதங்களில் தூக்கம் வந்தது, பேச்சு தெளிந்தது, பெயரும் வெளியே வந்தது. கோபால்சாமி. முடிவெட்ட அழைத்துப் போனதும் வாடகைக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்ததும் கேலி செய்த அதே பார்த்திபன்தான். கடையில் கிளாஸ் கழுவும் வேலை தானாகவே அவருடையதாயிற்று.

இரண்டு வருடம் கழித்து ஜப்பாருக்கு ரத்த அழுத்தம் என்றார்கள். மனைவி ஷம்ஷாத் தினமும் சட்டைப்பையில் மாத்திரை வைத்து அனுப்புவார். போட்டாச்சு என்று ஜப்பார் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு விடியற்காலை, பிஸ்கட் டின்னைத் துடைக்கும்போது அதன் அடியில் ஐந்து மாத்திரைகள் கிடப்பதைக் கோபால்சாமி கண்டார். யாரிடமும் சொல்லவில்லை. முதல் பஸ் இன்னும் வரவில்லை, தெருவில் ஆள் இல்லை. ஒரு பன்னை எடுத்து ஜப்பாரிடம் நீட்டினார். அவர் தின்று முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அன்றைய மாத்திரையை அவரிடம் கேட்டு வாங்கி, தன் உள்ளங்கையில் வைத்து விரித்தார்.

"பிரஷர் மாத்திரை பாய்."

ஜப்பார் அந்தக் கையையே பார்த்தார். எடுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

கோபால்சாமி காலி டம்ளரை வாங்கிக் கழுவப் போனார்.