நசுக்காத எதிர்முள்

மீன் பிடிக்கத் தூண்டில் கொக்கியில் பொய்யாகக் கறுப்பு ஈ கட்டுவதைப் போல் சுலபமான வேலை கிடையாது. கொக்கியைப் பிடியில் இறுக்கி, கறுப்பு நூலைச் சுற்றி, உடம்புக்குக் கறுப்புக் கம்பளி இழை, கழுத்தில் சேவல் இறகு மூன்று சுற்று, முடிச்சு, ஒரு சொட்டு வார்னிஷ். பத்தே நிமிடம். ட்ரவுட் மீன் நிஜ ஈ என்று நம்பிக் கவ்விவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், கொக்கியின் நுனிக்கு உள்ளே திரும்பி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். நசுக்கினால், எங்கே குத்தினாலும் கொக்கி வந்த வழியே வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஈ கட்டுவது நான், வீசுவது அக்காவின் கணவர். மாமா நான் கொடுத்ததை ஒரு நாளும் சோதித்ததில்லை. "நீ கட்டினா அப்படியே வாங்கிப் பெட்டில போட்டுக்கலாம்டா" என்பார்.

அன்று எனக்கு ஒரு கண் டிவி ஆட்டத்தில், ஒரு கண் வேலையில். ஆறு கொக்கியில் ஒன்றை நசுக்காமலே கட்டிவிட்டேன்.

மறுநாள் ஓடையில் மாமா தூண்டிலைப் பின்னுக்கு வீசியபோது, கரையில் ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்த அக்காவின் மேல் இமையில் அந்த ஈயின் கொக்கி குத்தி ஏறியது. எதிர்முள் விடவில்லை. மருத்துவமனையில் இமையை வெட்டித்தான் எடுத்தார்கள். பார்வை தப்பியது, இமை பாதிதான் திறக்கிறது. தட்டில் கிடந்த கொக்கியில் எதிர்முள் நசுங்காமல் நின்றது. நைசாக எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆறு வாரமாக அக்கா மாமாவோடு பேசுவதில்லை. தினமும் எனக்குப் போன் செய்து அவரைத் திட்டித் தீர்க்கிறாள். நானும் "ம்" கொட்டிக் கேட்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேற்றுக் காலை மாமா தூண்டில் கம்பும் பெட்டியுமாக வந்து நின்றார்.

"இதெல்லாம் நீயே வச்சுக்கோ. இந்தக் கையால இனிமே தொடமாட்டேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"மாமா, தப்பு உங்க மேல இல்ல. அந்தக் கொக்கில நான் முள்ள நசுக்கல. நசுக்கியிருந்தா சும்மா உருவிக்கிட்டு வந்திருக்கும்."

ஒரு அறையாவது விழும் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்காகிட்ட சொன்னியா?"

"இல்ல. இப்பவே சொல்லிடறேன்."

"சொல்லாத. எங்கிட்டதான் பேசறதில்ல. உங்கிட்டயும் பேச்ச விட்டுட்டா, அவ யார்கிட்டடா பேசுவா?"

எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

போன் அடித்தது. அக்காதான். எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த மாமாவுக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"இன்னிக்குக் கண்ணாடில மூஞ்சியப் பாத்தேன்டா. ஒரு கம்ப ஒழுங்கா வீசத் தெரியாத ஆளு! எல்லாம் அந்த மனுஷனாலதானே? நீயே சொல்லு!"

மாமா என்னைப் பார்த்து மேலும் கீழுமாக மெல்லத் தலையாட்டினார்.

"ஆமாக்கா" என்றேன்.