ஓடக்கூடாத பந்தயம்

என் மனைவி ஷைஜா நடைப்போட்டியில் இரண்டு முறை மாநிலச் சாம்பியன். கல்யாணத்துக்கு முன்பு புதுக்கடை ரோட்டில் அவள் பயிற்சி எடுக்கும்போது, பஸ்ஸைப் பிடிக்கத்தான் இந்த வேகத்தில் வருகிறாள் என்று நினைத்து டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிடுவார்கள். அவள் ஏறாமல் தாண்டிப் போவாள். கண்டக்டர் திட்டுவார். மகள் பிறந்த பிறகு விட்டுவிட்டு, போன வருடம்தான் மறுபடி தொடங்கினாள்.

தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் பந்தயம் சுசீந்திரம் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே போகும் ரோட்டில் நடந்தது. முதல் இரண்டு பேருக்குத்தான் இடம். இந்தத் தடவை கிடைக்காவிட்டால் ஷூவைக் கழற்றிவிடுவேன் என்று ஷைஜா சொல்லியிருந்தாள்.

நான் தோஹாவில் இருந்தேன். வீடியோ காலில் காட்டும் பொறுப்பை என் அம்மா நேசம்மாள் ஏற்றுக்கொண்டாள். முதல் அரைமணி நேரம் அம்மாவின் காதையும் கொஞ்சம் வானத்தையும் பார்த்தேன்.

"அம்மா, போனத் திருப்பு. உனக்க கம்மல்தான் தெரியுது."

"நல்லாருக்கா மக்கா? புதுசாக்கும்."

ஒருவழியாகத் திருப்பினாள். ரோட்டோரத்தில் எங்கள் சர்ச் பெண்கள் குடையோடு வரிசையாக நின்றார்கள். ஆதரவு கொடுக்க அம்மா வேன் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். கல்லூரிப் பெண் ஆதிரா எல்லாரையும் விட்டு முன்னால் போய்விட்டாள். இரண்டாவதாக ஷைஜா, முழங்கால் நிமிர்ந்து, இடுப்பு ஆட வந்துகொண்டிருந்தாள். அவள் முதுகை ஒட்டி மூன்றாவதாக சுபிதா.

"அம்மா, அங்க ஒரு போர்டு உண்டும். ஷைஜா நம்பருக்கு நேரா என்ன இருக்குன்னு பாரு."

"செவப்பா ரெண்டு பொட்டு போட்டிருக்காவ. மத்தவளுவளுக்கு ஒண்ணும் இல்ல. நமக்குத்தான் மார்க்கு கூடுதல்!"

நடைப்போட்டியில் எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் எழும்பினால் அது ஓட்டம். அப்படிப் பார்த்த நடுவர் சிவப்புப் பொட்டு போடுவார். மூன்றாவது பொட்டு விழுந்தால் வெளியே போக வேண்டியதுதான்.

அதற்குள் பெண்கள் கூட்டமாகக் கத்தத் தொடங்கியிருந்தார்கள். "ஓடு மக்கா, ஓடு! விடாத, ஓடு!" அம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

"அம்மா, ஓடுன்னு சொல்லாத! நடன்னு சொல்லு!"

"நடந்துக்கிட்டுத்தானே இருக்கா. அத வேற சொல்லணுமா?"

"அந்தப் பொட்டு மார்க்கு இல்லம்மா, குத்தம். ஓடினா இன்னொண்ணு போட்டு வெளிய அனுப்பிருவாவ. அதோட எல்லாம் போச்சு."

போன் சுழன்றது. அம்மா பெண்கள் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஏட்டி, வாய மூடுங்க! ஓடுன்னு ஒருத்தியும் சொல்லப்பிடாது!"

"பின்ன என்னத்தச் சொல்ல?" என்றாள் பக்கத்து வீட்டு சத்தியபாய்.

அம்மா யோசித்தாள். "மெதுவா போகச் சொல்லுவோம்."

கடைசிச் சுற்று. சுபிதா பக்கத்தில் வந்து, ஓர் அடி முன்னாலும் போய்விட்டாள். ஷைஜாவின் தோள்கள் மேலே ஏறின. கால்கள் எழும்பத் துடிப்பது இங்கிருந்தே தெரிந்தது. ஒரு நடுவர் குனிந்து அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா மக்கா, மெதுவா!" என்று அத்தனை பெண்களும் கத்தினார்கள்.

"ஒரு அவசரமும் இல்ல!" என்றாள் சத்தியபாய்.

"சாயா குடிச்சிட்டு வேணும்னாலும் போ!" என்றாள் அம்மா.

ஷைஜா சிரித்துவிட்டாள். சிரித்ததும் தோள் இறங்கியது. கால் தரையில் அமர்ந்தது. நடுவர் நிமிர்ந்து அடுத்தவளைப் பார்க்கப் போனார். கடைசி வளைவில் சுபிதாவுக்கு மூச்சு வாங்கியது. ஷைஜாவின் நடை மாறவே இல்லை. ஒரு கை நீளம் முந்தி, இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினாள்.

"அம்மா, பொட்டு எத்தன?"

"ரெண்டுதான் மக்கா! ஸ்தோத்திரம்! ரெண்டேதான்!"

ஷைஜா தொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, "கண்டியளா? கண்டியளா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே போனை நோக்கி ஓடிவந்தாள். கால் இரண்டும் தரையில் படவே இல்லை. அவள் முகம் திரை முழுக்க நிறைந்தது.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது:

"என்னத்தச் சொன்னாலும், இந்த ஓட்டத்த அங்க ஓடியிருந்தா அந்த ஆதிராவ முந்தியிருப்பா."