பவளத்தீவின் சனங்கள்

தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள் வெள்ளையம்மா. ஒரு நாள் விடியற்காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் பெரிய கங்காணி அழகமுத்து அவளையும் இன்னும் சில பெண்களையும் ஒதுக்கி நிறுத்தினார். தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, ஒரு நாடகம் எழுதியிருக்கிறாராம். கொழும்பிலிருந்து வரும் விருந்தாளிகள் முன்னால் பங்களாப் புல்தரையில் ஆடவேண்டுமாம்.

நாடகத்தில் வருவது பவளத்தீவு என்றொரு நாடு. எந்தக் கடலிலும் இல்லாதது. அங்கே மரம் தானாகப் பழம் கொடுக்கும், கடல் மீன் கொடுக்கும். ராஜாவும் இல்லை, வேலை ஏவுகிறவனும் இல்லை. விளைந்தது எல்லோருக்கும் பொது. சனங்கள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சிரித்துக்கொண்டே இருப்பார்கள். கணக்கப்பிள்ளை இதைத் தமிழில் சொல்லி முடித்தபோது வெள்ளையம்மாவுக்கு வயிறு எரிந்தது. அந்த வாரம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அளந்த அரிசி புழுத்துக் கிடந்தது. அதைத் தின்ற அவள் மகள் கழிச்சலில் சுருண்டு படுத்திருந்தாள்.

ஒத்திகையில் துரைசாணி அவளிடம் கண்ட குறை ஒன்றுதான். சிரிப்புப் போதாதாம்.

விருந்தன்று சேலைக்கு மேலே ஓலைப் பாவாடை கட்டி, தலையில் பூச்சுற்றி நிறுத்தினார்கள். நடுவில் ஒரு கூடை நிறைய மாம்பழமும் அன்னாசியும். அதை விருந்தாளிகளுக்குக் குனிந்து நீட்டவேண்டும் என்பது ஏற்பாடு. வெள்ளையம்மா கூடையைத் தூக்கினாள். நாற்காலிகளைத் தாண்டி, லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வேலியோரம் போய், அவர்கள் கையில் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

அழகமுத்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்.

“கைய விடுங்க கங்காணி. இந்தத் தீவுல எல்லாம் பொதுன்னு துரைசாணியே எழுதியிருக்காங்க. கங்காணின்னு அங்க ஒருத்தரும் இல்ல.”

துரைசாணிக்கு முகம் சிவந்துவிட்டது. விருந்தாளிகளோ இதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அதுதான் வெள்ளையம்மாவுக்குத் தாங்கவில்லை. அறைந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். ஓலையைப் பிய்த்துப் புல்லில் எறிந்துவிட்டு லயத்தைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் அவளிடமிருந்து பால் வெட்டும் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, அட்டை கடிக்கும் சரிவில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்ட அனுப்பினார்கள். மண்வெட்டியை ஓங்கி ஓங்கிப் போட்டாள். கோபம் இறங்கவில்லை.

அடுத்த மாதம் எஹலியகொடைத் துரைமாருக்கும் அந்த நாடகத்தைக் காட்டவேண்டுமென்று உத்தரவு வந்தது. அழகமுத்து பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருத்தியும் வரிசையை விட்டு நகரவில்லை. எதிர்த்து வாய் திறந்தே அறியாத ஜெயம்மாதான் கடைசியில் பேசினாள்.

“அடிச்சாலும் ஆட மாட்டோங்க.”

அவர்களையும் கான் வெட்ட விரட்டினார்கள். ஜெயம்மா வெள்ளையம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, துரையைப் பச்சையாகத் திட்டிக்கொண்டே வெட்ட ஆரம்பித்தாள்.