வண்டி இன்னைக்குப் போகாது

கொளஞ்சியப்பன் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர். பஸ்ஸுக்கு முதலாளி தன் குலதெய்வத்தின் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார். மலைக்காரர்கள் அதைப் படித்ததே இல்லை. அவர்களுக்கு அது 'கொளஞ்சி வண்டி'. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவனுடைய பேச்சும் ஆரம்பித்துவிடும். ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே கண்ணாடியில் பார்த்து, "இன்னா பெரிம்மா, போன வாரம் வித்த கோழியவே மறுபடி கூட்டிக்கினு வர்ற?" என்பான். வளைவுகளில் குமட்டுகிறவர்கள்கூட சிரிப்பதில் குமட்டலை மறந்துவிடுவார்கள்.

ஒரு காலத்தில் அவன் குடித்த குடியும் ஊரறிந்ததுதான். மகள் செந்தமிழ்ச்செல்விக்குக் காது குத்தின அன்று, கறி வாங்கி வருகிறேன் என்று போனவன் சாராயக் கடைக்குப் போனான். அங்கிருந்து எங்கே போனான் என்று அவனுக்கே தெரியாது. மறுநாள் நைனார்பாளையம் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் கண் விழித்தான். வீட்டுக்கு வந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காதில் மஞ்சள் தடவிய மகள் ஓடி வந்து, "நீ பாக்கலியேப்பா, மறுபடியும் குத்திக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகும் உடனே விட்டுவிடவில்லை. விட்டான், பிடித்தான், மறுபடி விட்டான். கடைசியில் விட்டது அவன் கண்டக்டர் செபாஸ்தியானோடு சேர்ந்துதான். செபாஸ்தியானும் அதே கிணற்றில் கிடந்தவன். இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யாருக்கு நினைப்பு வந்தாலும் மறைக்காமல் அடுத்தவனிடம் சொல்லிவிட வேண்டும். கேட்டவன் உடனே எதையாவது வாங்கிக் கொடுத்து அவன் வயிற்றை நிரப்ப வேண்டும். ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. இரண்டு வருஷத்தில் இரண்டு பேருடைய காக்கிச் சட்டையிலும் பொத்தான் பூட்ட முடியவில்லை. ஜெயம்மாள், அதாவது கொளஞ்சியின் மனைவி, சட்டையைப் பிரித்துத் தைத்துக்கொண்டே, "குடிச்சா கல்லீரல் போவுது, குடிக்காட்டி துணி போவுது" என்று சலித்துக்கொள்வாள். சலிப்பில் ஒரு சந்தோஷம் இருக்கும்.

எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் வந்தது. வட மாவட்டங்கள் முழுக்க ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். கொளஞ்சி வண்டி வெள்ளிமலையில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தபோது, நடந்து ஏறிவந்த ஒருவன் சேதி சொன்னான். கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கமே மரம் விழுந்துவிட்டது. ஒரு வண்டியும் போகாது. மரம் வெட்டினவர்களில் கொளஞ்சியின் மச்சானும் ஒருவன் என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

"வூட்டுல வெறகு ஒடைக்கச் சொன்னா இடுப்பு வலின்னுவான். ரோட்டுப் புளியமரத்த சாச்சிட்டானா!" என்று கொளஞ்சி வியந்தான்.

மறுநாள் முதலாளி ஆள் விட்டனுப்பினார். வண்டி மேலேயே நிற்கட்டும், டிரைவர் கூடவே இருக்கட்டும், ஒரு கண்ணாடி உடைந்தாலும் டிரைவர்தான் பொறுப்பு. செபாஸ்தியானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் மனைவி நான்சி நிறைமாசம்.

"நீ எறங்கி நடந்துடுடா. புள்ளத்தாச்சிய வுட்டுட்டு என்கூட இன்னா பண்ணப் போற?" என்றான் கொளஞ்சி.

"நீ தனியா இருப்பியேண்ணா."

"தனியா இன்னாடா? ஊரே இருக்குது, செவ்வந்தி கட இருக்குது. போ போ."

செபாஸ்தியான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனான்.

முதல் இரண்டு நாள் கொளஞ்சி ராஜா மாதிரி இருந்தான். பின் சீட்டில் நீட்டிப் படுத்தான். பஸ்ஸைத் துடைத்துப் பளபளவென்று வைத்தான். நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த செவ்வந்தி, புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாகக் கடையை ஓட்டுகிறவள். சாமைச் சோறும் குழம்பும் அவள்தான் கொடுத்தாள். ஆனால் கீழேயிருந்து சரக்கு வரவில்லை. பாலாவது மலையில் கிடைத்தது. சர்க்கரை தீர்ந்து வெல்லம் போட்டாள். பிறகு டீத்தூளும் தீர்ந்தது. பஜ்ஜிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். எண்ணெய் இல்லை.

விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு, ஆட்கள் செத்துப்போனார்கள் என்று சேதி வந்தது. மச்சான் எங்கே இருக்கிறானோ. வீட்டில் என்ன நடக்கிறதோ. சொல்ல ஆள் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பது என்பது அவனுக்குப் பழக்கமே இல்லாத வேலை. கால் தானாக ஆக்ஸிலேட்டரைத் தேடியது.

அப்போதுதான் மலைக்காரன் சடையன் வந்தான். முன்பு அவன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோது, எங்கேயும் நிறுத்தாமல் பஸ்ஸை நேரே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டியவன் கொளஞ்சி. அந்த நன்றியை சடையன் மறக்கவில்லை. சாராயக் கடைகளை அரசாங்கம் மூடியிருந்த வருஷம் அது. சடையனுக்குக் கடை தேவைப்படவில்லை, அவனே காய்ச்சுகிறவன்.

"அண்ணா, குளுருது பாரு. ஒரே ஒரு டம்ளரு. மருந்து மாதிரி."

கொளஞ்சி வேண்டாம் என்றுதான் சொன்னான். ஆனால் அதைச் சொல்லும்போதே உள்ளே ஒரு குரல் கணக்காகப் பேசியது: இத்தனை நாள் இல்லாமல் இருந்துகாட்டவில்லையா? நிறுத்தத் தெரிந்தவனுக்கு ஒரு டம்ளர் என்ன செய்யும்? டம்ளர் கையில் இருந்தது. அப்புறம் காலியாக இருந்தது. நெஞ்சுக்குள் சூடு இறங்கியபோது, ரொம்ப நாளாகப் பார்க்காத சினேகிதன் வந்து தோளில் கைபோட்ட மாதிரி இருந்தது. அதுதான் அவனுக்குப் பயமாகவும் இருந்தது. பயத்துக்கு இன்னொரு டம்ளர்.

அதன் பிறகு மறியல் முடியும்வரை அவன் தெளியவே இல்லை. ஒருநாள் மத்தியானம் பஸ்ஸில் ஏறி ஹாரன் அடித்து, "சின்னசேலம், சேலம், மெட்ராஸ், எல்லாரும் ஏறு! டிக்கெட்டு கெடையாது!" என்று கூவினான். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள். அவன் நிஜமாகவே கிளப்பிவிட்டான். பஸ் இருபது முப்பது அடி நகர்ந்து, ரோடு வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஒரு கூடைக் கோழி கவிழ்ந்து பஸ் முழுக்கப் பறந்தது. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கொளஞ்சியும் சிரித்தான். செவ்வந்தி மட்டும் கடை வாசலில் நின்று, ஜல்லிக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறியல் முடிந்தது. மரங்களை அறுத்து ஓரம் தள்ளிவிட்டார்கள், வண்டியை உடனே இறக்கு என்று முதலாளியிடமிருந்து சேதி வந்தது. விடிந்ததும் நிறுத்தத்தில் கூட்டம். கடுக்காய் மூட்டை, தேன் டின், காய்ச்சலில் துவண்ட ஒரு குழந்தையோடு அதன் அம்மா, கோர்ட்டுக்குப் போக வேண்டிய இரண்டு பேர். ஒரு வாரம் அடைந்து கிடந்த ஜனம் முண்டியடித்து ஏறி உட்கார்ந்தது.

கொளஞ்சி சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். கை நடுங்கியது. காலையிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருந்தான், அது போதவில்லை. சடையன் ஜன்னலருகே வந்து டம்ளரை நீட்டினான்.

"இத்தப் போட்டுட்டு எடுண்ணா. கை நின்னுடும். நீ ரெண்டு போட்டாத்தான் வண்டி ஒழுங்கா போவும்."

அவன் சொன்னது உண்மைதான். போட்டால் கை நின்றுவிடும். கொளஞ்சி கண்ணாடியில் பின்னால் பார்த்தான். ஒருவர் முகத்திலும் சந்தேகம் இல்லை. கோழிக் கூத்தைப் பார்த்தவர்கள்கூட நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். கொளஞ்சி ஓட்டினால் சரியாக இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். அவனுக்குத்தான் அந்த நம்பிக்கை இல்லை.

இன்ஜினை அணைத்து இறங்கினான். நேரே செவ்வந்தியிடம் போய்ச் சாவியை நீட்டினான்.

"யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. நான் கேட்டா கண்டிப்பா குடுக்காதீங்க."

அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் திரும்பி பஸ் படியில் ஏறி நின்றான்.

"எல்லாரும் எறங்குங்க. வண்டி இன்னைக்குப் போகாது. நான் குடிச்சிருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். "அது தெரிஞ்ச சங்கதிதான, எடு வண்டிய!"

"எடுக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு அவன் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வாரமாகக் காத்திருந்த ஜனம், விடுமா? குழந்தையின் அம்மா மட்டும் திட்டவில்லை. மலை ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். மற்றவர்கள் மூட்டையைத் தலையில் ஏற்றி நடந்தே இறங்கினார்கள். கொளஞ்சி பஸ் படியிலேயே உட்கார்ந்து அழுதான்.

வெயில் ஏறும் நேரத்தில் வளைவில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. செபாஸ்தியான் ஒரு தூக்குவாளியோடு வந்தான். அவனுக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்து மூச்சிரைத்துக்கொண்டு ஜெயம்மாள்.

கொளஞ்சி எழுந்து நின்றான். "ஜெயா, நான் குடிச்சிட்டேன்."

"தெரியும். வர்ற வழியெல்லாம் உன் புகழுதான்" என்றாள் அவள். "ஒருத்தன் குடிச்சிட்டு படுத்திருக்கான்னான். ஒருத்தன் பஸ்ஸ பள்ளத்துல கவுத்துட்டான்னான். இன்னொருத்தி, பஸ்ஸுல கோழிப் பண்ண வச்சிருக்கான்னா. எத நம்பி நான் இந்த மல ஏற்றது?"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சாவி எங்க?"

"செவ்வந்திகிட்ட."

"புடுங்கினாங்களா, நீயா குடுத்தியா?"

"நானாத்தான்."

ஜெயம்மாள் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். செபாஸ்தியான் தூக்குவாளியைத் திறந்தான். எள்ளடை, அதிரசம், இட்லி.

"பொண்ணு பொறந்திருக்குதுண்ணா" என்றான். "அன்னைக்கே நான்சியோட அண்ணன் பாட்டிலத் தூக்கிக்கினு வந்துட்டான். கையில கிளாஸக்கூட குடுத்துட்டான். சொல்றதுக்கு நீ இல்ல. ஓடிப்போய் நம்ம அண்ணிகிட்ட சொன்னேன். உக்காரவச்சி சோறு போட்டாங்க பாரு, எழுந்திரிக்க முடியல. அதுக்கப்பறந்தான் அண்ணி கேட்டாங்க, உனக்கு நான் இருக்கேன், அங்க அவருக்கு யாரு இருக்காங்கன்னு. ரோடு தொறந்ததும் கெளம்பிட்டோம்."

"நீ தப்பிச்சிட்ட. நான் போய்ட்டேன்டா" என்றான் கொளஞ்சி. "ரெண்டு வருஷமும் போச்சு. எல்லாம் மொதல்லேர்ந்து."

"எப்பிடிப் போவும்?" ஜெயம்மாள் திரும்பினாள். "அந்த ரெண்டு வருஷத்துல வாங்குன எரும வூட்டுலதான கட்டிக் கெடக்குது? புள்ள பள்ளிக்கூடம் போனது போனதுதான? நீ நாலு நாளு குடிச்சா அதெல்லாம் இல்லன்னு ஆயிடுமா? இட்லியத் தின்னு."

தின்றான். தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தான். சாயங்காலத்துக்குள் உடம்பு முழுக்க உதறல் கண்டது. பூச்சி ஊர்கிறது என்று சட்டையைக் கழற்றினான். சாவியைக் கொடு என்று செவ்வந்தியிடம் போய்க் கெஞ்சினான், மிரட்டினான். அவள் அடுப்பைவிட்டு நிமிரவே இல்லை. செபாஸ்தியான் ஓடிப்போய் நர்ஸை அழைத்துவந்தான். அவள் மாத்திரை கொடுத்து, "இப்பிடி திடுதிப்புனு நிறுத்தறப்ப ஆள தனியா வுடாதீங்க, மோசமானா கீழ கூட்டிக்கினு போயிடணும்" என்றாள். ஜெயம்மாளும் செபாஸ்தியானும் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தார்கள். உப்பும் வெல்லமும் போட்ட கஞ்சித் தண்ணியை செவ்வந்தி அனுப்பிக்கொண்டே இருந்தாள். சடையன் ஒருமுறை எட்டிப் பார்த்து, நல்லது செய்வதாக நினைத்துச் செய்துவிட்டேன் என்று குழறினான். ஜெயம்மாள் அவனைத் திட்டவில்லை. "இனிமே நன்றி சொல்றதுன்னா ஒரு பலாப்பழம் குடு" என்றாள்.

முதலாளி வேறு டிரைவரை அனுப்பினார். இத்தனை வருஷம் ஓட்டிய பஸ்ஸில் கொளஞ்சி முதல் தடவையாகப் பயணியாக உட்கார்ந்து மலை இறங்கினான். இரண்டாவது வளைவிலேயே குமட்டியது. ஜெயம்மாள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தாள்.

"இப்பிடியாடி இருக்கும் இந்த வளைவு?" என்றான் ஆச்சரியமாக.

"நீ பேசிப் பேசி எங்க கொமட்டல மறைச்சிட்ட. இந்தாளு வாயத் தொறக்கறானா பாரு."

முதலாளி அவனை வேலையைவிட்டு நிறுத்தினார். பொங்கல்வரைக்கும் கரும்பு வெட்டுக்குப் போனான். மச்சான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருந்தான், அவனும் கூட வந்தான். சொல்ல வேண்டியதை கொளஞ்சி இப்போது மூன்று பேரிடம் சொன்னான்: செபாஸ்தியானிடம், ஜெயம்மாளிடம், வரப்பில் உட்கார்ந்து மச்சானிடமும். மச்சானிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது, கேலி செய்வான் என்று. அவன் கேலி செய்துகொண்டேதான் கரும்பைக் கடிக்கக் கொடுத்தான்.

அறுவடை முடிந்ததும் முதலாளி ஆள் அனுப்பினார், ஆனால் மலைக்கு இல்லை. ரிஷிவந்தியம் வழியாக மணலூர்பேட்டைக்குப் போகும் வண்டி. தட்டையான ரோடு, நெல்லும் கரும்பும், தூக்கம் வருகிற பாதை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எதிரே ஒரு பிராந்திக் கடை. மலையைவிட இதுதான் கடினமான மலை என்று செபாஸ்தியானிடம் சொல்லிக்கொண்டே அதையும் ஓட்டி முடித்தான்.

சித்திரையில் வெள்ளிமலையிலிருந்து நாலைந்து பேர் முதலாளியைப் பார்க்க வந்தார்கள். புது டிரைவர் வேண்டாம், கொளஞ்சிதான் வேண்டும் என்றார்கள்.

"மலையில குடிச்சிட்டு வண்டிய ஜல்லியில ஏத்துனவனா வேணும்?" என்றார் முதலாளி.

"குடிச்சிருக்கேன், எடுக்க மாட்டேன்னு எறங்குனவரும் அவருதாங்க" என்றாள் அந்தக் குழந்தையின் அம்மா. "நாங்க எத்தினி டிரைவரப் பாத்திருக்கோம். ஒருத்தரும் சொன்னதில்ல."

முதலாளி அரைமனதாகத்தான் தலையாட்டினார். முதல் டிரிப்பில் கச்சிராயபாளையம் தாண்டும்வரை கொளஞ்சி வாயைத் திறக்கவில்லை. முதல் வளைவில் கியரைக் குறைத்தான். கண்ணாடியில் பார்த்தான். முன்சீட்டில் ஓர் ஆள், மடியில் பெரிய பூசணிக்காய், மேலே துண்டைப் போட்டு மூடி இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தான்.

"இன்னாங்க மாமா," என்றான் கொளஞ்சி, "பேரப்புள்ளைக்கு அரை டிக்கெட்டு எடுத்திட்டீங்களா?"

பஸ் சிரித்துக்கொண்டே வளைவில் ஏறியது.